கழகத்துக்குச் சொந்தக்காரர்

தோர்ண்டன் ஹீத், லண்டன்
9 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

மழை விட்டபிறகு உங்கள் முழங்கால் நோவு எப்படி இருக்கிறது? எனக்குப் பிரஷர் குளிசைக்கு அடங்கி நடக்கிறது. விதுசன் சுகம். போனில் கதைக்கலாம்தான், ஆனால் உங்களுக்குக் காது கேட்காது. நான் கத்தினால் இங்கே பக்கத்து வீட்டுக்கும் அங்கே உங்கள் மருமகள் அஜித்தாவுக்கும் கேட்கும். ஆகவே பழையபடி கடிதம்.

விசயம் இதுதான். எங்கள் ரக்பி லீக் கழகத்தை வால்தம்ஸ்டோ கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். இணைத்ததில் எனக்குக் கோபமில்லை. இரண்டு பக்கமும் பதின்மூன்று பேரைச் சேர்த்துக் களத்தில் இறக்கப் படாத பாடு பட்டோம். ஆனால் இணைந்த கழகத்தை ஒரு மனிதர் தன் பெயருக்கு எழுதிக்கொண்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர் வேறு யாருமல்ல, எங்கள் ஊர்க் கணேஸ்வரன். வால்தம்ஸ்டோவில் வயோதிபர் இல்லங்கள் நடத்துகிறவர். பொய் சொல்லக் கூடாது, அவருக்கு இந்த விளையாட்டில் உண்மையான பைத்தியம். எந்த மழையிலும் மைதானக் கயிற்றோரம் நின்று தொண்டை கிழியக் கத்துவார். அதற்காகக் கழகத்தையே எடுத்துக் கொடுப்பதா?

வழக்கமாகக் கூட்டம் முடியத்தான் சாப்பாடு. அன்றைக்குச் சாப்பாடு முதலில் வந்தது. ஆட்டுக்கறிப் புரியாணி, கட்லட், எல்லாம் அவர் செலவு. விரலில் எண்ணெய் காயவில்லை, “கழகத்தைக் கம்பெனியாப் பதிஞ்சு கணேஸ்வரன் அண்ணை பொறுப்பெடுக்கிறார், எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்று கேட்டார்கள். சாப்பாடு போட்டவரின் முகத்துக்கு நேரே மாட்டோம் என்று சொல்ல எங்கள் ஆட்களால் ஏலுமா? எல்லாரும் கையை உயர்த்தினார்கள். நான் உயர்த்தவில்லை. நான் கை கழுவுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

கமிட்டி கலைந்தது. விதுசன் எட்டு வயதில் பந்து தூக்கிய நாளிலிருந்து அந்தக் கமிட்டியில் இருந்தவள் நான். எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் தங்கை
செல்வமலர்


கோண்டாவில்
2 மார்ச் 2025

அன்புத் தங்கை மலருக்கு,

முருகன் துணையால் இங்கே அனைவரும் சுகமாக இருக்கிறோம். முழங்கால் வெயிலுக்குக் கொஞ்சம் இளகியிருக்கிறது. பேரன் உன் கடித உறையில் இருந்த முத்திரையைக் கிழித்து எடுத்துக்கொண்டான்.

லண்டனுக்குப் போய் இத்தனை வருடமாகியும் உன் நாக்கு மழுங்கவில்லை. கணேஸ்வரனின் தகப்பனை எனக்குத் தெரியும், மரியாதையான குடும்பம். பத்துப் பேர் கூடி நடத்தி நாசமாக்குவதைவிட ஒருவர் பொறுப்பாக நடத்துவது நல்லதுதானே? எங்கள் வாசிகசாலையைப் பார். தலைவர் நான், கமிட்டி நிறைய ஆட்கள், கூரை ஒழுகுகிறது. மழைக்குப் பேப்பரை எல்லாம் மேசைக்குக் கீழே வைத்து வாசிக்கிறார்கள்.

விதுசனின் தகப்பன் இறந்த வருடம் நான் வந்து உங்களோடு நின்றபோது பார்த்த விளையாட்டு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முட்டைப் பந்தை முன்னுக்கு எறியாமல் ஏன் பின்னுக்கு எறிகிறார்கள் என்று நான் கேட்க, அவன் சோற்றுப் பருக்கைகளைத் தட்டில் அடுக்கி விளங்கப்படுத்தினான். அவனை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன் அண்ணன்
யோகராஜா


தோர்ண்டன் ஹீத்
30 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமாக இருப்பது சந்தோசம். எனக்குச் சுகம்தான், நித்திரை மட்டும் குறைவு.

ஏன் குறைவு என்று சொல்கிறேன். புதுப் பருவம் தொடங்க முன் கழகத்தின் பேரில் அர்ச்சனை செய்ய மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போனோம். வீரர்கள், தாய் தகப்பன், எல்லாரும். கணேஸ்வரன் தட்டோடு முன்னுக்கு நின்றார். ஐயர் பெயர் கேட்டார். இவர் கழகத்தின் பெயரைச் சொன்னார். “நட்சத்திரம்?” என்று ஐயர் பழக்கத்தில் கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். கழகத்துக்கு ஏது நட்சத்திரம்? இந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டே, “உத்தரட்டாதி, மீன ராசி” என்றார்.

அது அவருடைய நட்சத்திரம், அண்ணை. பகிடிக்குச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவர் பகிடி விடவில்லை. பின்னால் நின்றவர்கள், “என்ன பொருத்தமாச் சொன்னார் பாத்தீங்களே” என்று ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்க்க எனக்கு அவரைவிட இவர்கள்மீதுதான் அருவருப்பு வந்தது.

வெளியில் வந்ததும் கணேஸ்வரன் என்னிடம் வந்தார். “அக்கா, இவ்வளவு காலமும் கஷ்டப்பட்டிட்டீங்கள். இனி வந்து கதிரையில இருந்து பாருங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்” என்றார். விளங்குகிறதா? தலையில் அடிபட்ட பிள்ளையை வெளியில் இருத்துவது இவ்வளவு காலமும் என் வேலை. பொடியன்கள் என்னைத் திட்டுவார்கள், ஆனால் இருப்பார்கள். இனி யார் இருக்க வேண்டும், யார் ஓட வேண்டும் என்பதை அவர் சொல்வார்.

விதுசனைப் புதுக் கழகத்து அணிக்குத் தலைவனாக்கியிருக்கிறார். அவன் வானத்தில் நடக்கிறான். அவனிடம் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

உங்கள் தங்கை
செல்வமலர்


கோண்டாவில்
24 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு நல்லபடி கழிந்தது. உனக்கும் விதுசனுக்கும் எங்கள் எல்லாருடைய வாழ்த்துகள். வெயில் கொளுத்துகிறது, மற்றபடி குறைவில்லை.

விதுசன் தலைவனானதைக் கேட்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். கோயிலில் நடந்ததை நீ பெரிதாக எடுக்காதே, பக்தியில் வாய் தவறியிருக்கும்.

எங்கள் வாசிகசாலைக்கும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நன்கொடையாளர் ஒருவர் பழைய கட்டடத்தை இடித்து மாடியோடு புதிதாகக் கட்டித்தர முன்வந்திருக்கிறார். வைகாசியில் அத்திவாரம். வாழ்த்துப்பா எழுதும் வேலை வழக்கம்போல என் தலையில். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் கொழுவுவார்கள் என்பதால் எழுத்தெண்ணி எழுத வேண்டியிருக்கிறது.

அன்புடன் அண்ணன்
யோகராஜா


தோர்ண்டன் ஹீத்
18 மே 2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் சுகத்தை முருகன் காக்கட்டும். இங்கே சுகமில்லை.

போன சனிக்கிழமை விதுசன் ஒருவனைப் பிடித்து விழுத்தும்போது அவனுடைய முழங்கால் இவன் காதடியில் பட்டது. எழும்பினான். எழும்பி எதிர்ப் பக்கத்து ஆட்களோடு போய் வரிசையில் நின்றான். சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, எனக்குத் தெரியும். கயிற்றைத் தாண்டி ஓடினேன். கணேஸ்வரன் என்னை மறித்து, “அக்கா, உள்ளுக்கு வராதேங்கோ, ஆட்டம் நடக்குது” என்றார். இருபது நிமிடம் அந்த நிலையிலேயே ஓடினான். முடிந்ததும் காருக்குள் சத்தி எடுத்தான், குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தார்கள். இரண்டு வருடத்துக்குள் இது மூன்றாவது அடி. இந்த வருடம் முழுக்க விளையாடக் கூடாது, இன்னொன்று பட்டால் பொறுப்பில்லை என்று அந்த டொக்டர் பிள்ளை என் கையைப் பிடித்துச் சொன்னாள். கணேஸ்வரன் என்ன சொல்கிறார் தெரியுமா? “அவையள் அப்பிடித்தான் பயப்படுத்துவினம். எனக்குத் தெரிஞ்ச டொக்டர் ஒராள் இருக்கிறார், நான் காட்டுறன். ஓகஸ்டில பைனல். என்ர கப்டன் இல்லாமல் நான் எப்பிடி இறங்கிறது?” என்ர கப்டன். பெற்றவள் நான் பக்கத்தில் நிற்கிறேன்.

பழைய கமிட்டி இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இன்றைக்கு அவருக்கு மேலே கேட்க ஒருவரும் இல்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் அவருடைய பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இரவு விதுசனோடு சண்டை பிடித்தேன். கடைசியில் அழுதுவிட்டான். “சரி அம்மா, மாமாவிட்டக் கேளுங்கோ. மாமா வேண்டாமெண்டால் விடுறன்” என்றான். தகப்பன் போனபிறகு அவனுக்கு உங்கள் வாய்ச்சொல்தான். ஒரு வரி போதும், அண்ணை. விளையாடாதே என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் தங்கை
செல்வமலர்


தோர்ண்டன் ஹீத்
22 ஜூன் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் உடம்புக்கு ஏதும் செய்கிறதோ என்று பயந்து அஜித்தாவுக்குப் போன் எடுத்தேன். நீங்கள் சுகமாம். கடிதம் வந்து கிழமைக் கணக்காயிற்றாம், மாமா வாசித்துவிட்டு மேசையில் வைத்திருக்கிறார் என்றாள். பிறகு அவளுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது, அத்திவாரம் போட்ட கதையைச் சொல்லத் தொடங்கினாள். நன்கொடையாளர் லண்டன்காரராமே. ஆர் என்று கேட்டேன். அடுப்பில் பால் பொங்குது என்று போனை வைத்துவிட்டாள்.

ஆர் அவர், அண்ணை?

விதுசன் இப்போது வெளிச்சம் கூடாதென்று அறைக்குள் திரையை இழுத்துவிட்டுக் கிடக்கிறான். ஆனால் பயிற்சிக்குப் போகிறான். தபால்காரன் வந்தால் அவன்தான் முதலில் கதவைத் திறக்கிறான்.

உங்கள் தங்கை
செல்வமலர்


கோண்டாவில்
10 ஜூலை 2025

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுதச் சுணங்கிவிட்டது. கட்டட வேலை, மேசன்மாரை மேய்க்கும் வேலை, இடையில் முழங்காலும் வீங்கிவிட்டது. மேல்மாடித் தட்டுப் போட்டாகிவிட்டது. வாசலில் மாபிள் பதிக்கிறார்கள். நீ வந்து பார்த்தால் அந்தப் பழைய ஒழுகல் கட்டடமா என்று கேட்பாய். ஓகஸ்ட் நடுப்பகுதியில் திறப்பு விழா.

விதுசனின் விசயம் வாசித்தேன். மனம் கஷ்டமாக இருந்தது. ஆனால் அவன் வளர்ந்த பிள்ளை. டொக்டர்மாரும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். தலைவன் என்று பெயர் எடுத்தவன் பாதியில் நின்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதையும் நாங்கள் பார்க்க வேண்டும். எதற்கும் யோசித்து எழுதுகிறேன். அவசரப்படாதே. உன் பிரஷரைப் பார்.

அன்புடன் அண்ணன்
யோகராஜா


தோர்ண்டன் ஹீத்
27 ஜூலை 2025

அண்ணைக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

நாலு பேரா? அந்த நாலு பேரையும் நான் பார்த்திருக்கிறேன். எண்ணெய்க் கையைத் தூக்கினவர்கள். அவர்கள் என்ன சொல்வார்கள் என்றா நீங்கள் யோசிக்கிறீர்கள்?

கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை, ஆனால் பதில் தானாக வந்தது. போன ஞாயிறு மைதானத்தில் கணேஸ்வரனே வந்து சொன்னான். இனி எனக்கு அவர் இவர் என்று எழுத வரவில்லை, மன்னியுங்கள். “அக்கா, உங்கட அண்ணைதானே எங்கட வாசிகசாலைத் தலைவர். நல்ல மனுசன். என்ர அப்பான்ர பேரை வாசல்ல போடுறதுக்கு அவர்தான் முதல் சம்மதம் சொன்னவர்” என்றான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். நான் வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவினேன். பிறகும் கழுவினேன்.

எங்கள் கழகத்தில் நடந்ததுதான் உங்கள் வாசிகசாலையிலும் நடந்திருக்கிறது. இங்கே புரியாணி, அங்கே மாபிள். உங்களைக் கேவலமாக நினைக்க எனக்கு விருப்பமில்லை. கட்டடத்தை எடுங்கள். அவன் தகப்பன் பெயரை வாசலில் மட்டுமல்ல, கூரையிலும் எழுதுங்கள். நூறு வாழ்த்துப்பா பாடுங்கள். நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், ஒருவருக்கும் சொல்லவும் மாட்டேன்.

எனக்கு வேண்டியது என் பிள்ளையின் தலை மட்டும். ஓகஸ்ட் 23 பைனல். கடிதம் சுணங்கும். அஜித்தாவின் போனில் இருந்து விதுசனுக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். விளையாடாதே, ராசா. இவ்வளவுதான். அவன் உடனே விடுவான். உங்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

செல்வமலர்


கோண்டாவில்
17 ஓகஸ்ட் 2025

அன்புத் தங்கை மலருக்கு,

எல்லாம் வல்ல முருகனருளால் திறப்பு விழா நேற்று மிகச் சிறப்பாக நடந்தேறியது. மேளதாளத்தோடு நன்கொடையாளரைச் சந்தியில் இருந்து அழைத்து வந்தோம். பொன்னாடை நான்தான் போர்த்தினேன். உதவி அரசாங்க அதிபர் வந்திருந்தார். பேரன் தேவாரம் பாடினான். சனம் வீதி வரை நின்றது. இரண்டு நாள் நின்றதில் முழங்கால் கொஞ்சம் பிடித்துவிட்டது, தைலம் பூசுகிறேன்.

உன் கடிதமும் கிடைத்தது. நீ கோபத்தில் எழுதியதை நான் மனதில் வைக்கவில்லை. கவலைப்படாதே. விதுசனுக்குச் சொல்ல வேண்டியதை நல்ல முறையில் எழுதி, லண்டனுக்குத் திரும்புகிறவரிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன். உரிய நேரத்தில் அவன் கையில் சேரும்.

அன்புடன் அண்ணன்
யோகராஜா


லண்டன்
21 செப்ரெம்பர் 2025

அண்ணைக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்து உடுப்பு மாற்ற வந்த இடத்தில், கதவுக்குக் கீழே கிடந்ததை எடுத்தேன். உங்கள் முழங்கால் தேறட்டும். அஜித்தா சொல்லி உங்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். மீதியை நான் எழுதுகிறேன்.

நீங்கள் கொடுத்தனுப்பியது சேர்ந்தது. பைனல் அன்று, உடுப்பு மாற்றும் அறை வாசலில், பொன்நிறச் சட்டத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கணேஸ்வரன் மைக்கில் வாசித்தான். அதுவரைக்கும் விதுசன் சப்பாத்தைக் கட்டாமல் கையில் வைத்துக்கொண்டு மர வாங்கில் குந்தியிருந்தான். மாமா என்ன சொல்லியிருக்கிறார் என்று என் முகத்தைப் பார்த்தபடி இருந்தான். நானும் உங்களை நம்பிக்கொண்டு நின்றேன். கடைசி நேரத்திலாவது அண்ணை எழுதியிருக்கிறார் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“அஞ்சாத நெஞ்சோடு ஆடுகளம் புகுவாய்
கணேஸ்வர வள்ளலின் கண்மணியே வாழி.”

என் பிள்ளை அவனுடைய கண்மணியா, அண்ணை? இதை எழுதும்போது உங்கள் கை கூசவில்லையா? என் கடிதம் அதே மேசையில்தானே கிடந்தது? எல்லாரும் கை தட்டினார்கள். விதுசனுக்குச் செந்தமிழ் விளங்காது. பக்கத்தில் நின்றவன் இங்கிலீசில் சொன்னான், பயப்படாமல் போய் விளையாடு என்று உன்ர மாமா எழுதியிருக்கிறார் என்று. விதுசன் குனிந்து சப்பாத்தைக் கட்டினான். நான் போய் முன்னால் நின்றேன். “மாமாவே சொல்லிட்டார் அம்மா” என்று என்னை மெல்ல விலக்கிவிட்டுப் போனான்.

இரண்டாம் பாதியில் விழுந்தான். பெரிய அடி ஒன்றும் இல்லை, தோள்தான் பட்டது. எழும்பவில்லை. அன்றைக்கே மண்டையைத் திறந்து இரத்தத்தை எடுத்தார்கள். கழகம் வென்றது. கிண்ணத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாமோ என்று கணேஸ்வரன் கேட்டான். நர்ஸ் வெளியில் போகச் சொன்னாள். உங்கள் வாழ்த்துப்பாவைக் கழகத்து மண்டபத்தில் கொழுவியிருக்கிறார்களாம். அவனைப் பார்த்தால் எனக்கு வரும் அருவருப்பு கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது, அவன் அந்நியன். உங்கள் எழுத்தை நினைத்தால் வருவது போகவில்லை.

விதுசன் இப்போது வீட்டில். நடக்கிறான், தானாகச் சாப்பிடுகிறான். என்னைத் தெரியும், உங்களைத் தெரியும். ஆனால் மே மாதம் நாங்கள் சண்டை பிடித்த அந்த இரவுக்குப் பிறகு நடந்தது ஒன்றும் அவனிடம் இல்லை. பைனல் இல்லை, நீங்கள் எழுதிய பாட்டு இல்லை. புதிதாகச் சொல்வதும் நிற்பதில்லை, அடுத்த நாள் மறந்துவிடுகிறான். மெல்ல மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் விடலாம் என்கிறார்கள்.

காலையில் கண் விழித்ததும் ஒவ்வொரு நாளும் ஒன்றைத்தான் கேட்கிறான். “அம்மா, மாமாவிட்டக் கேட்டனீங்களோ? நான் விளையாடட்டோ, விடட்டோ?”

இன்னும் பதில் வரேல்லை ராசா என்று சொல்கிறேன். வேறு என்ன சொல்ல? “மாமா எழுதுவார்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கிறான்.

செல்வமலர்